ரெண்டு நாள் கழித்து வீங்கும் கை

கொசு கடித்தால் எவ்வளவு நேரத்தில் தடிக்கும்? அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. போன செமஸ்டரில் என் இடது முன்கையில் ஒரு ஊசி போட்டார்கள். தோலுக்கு அடியில்கூட இல்லை, தோலுக்குள்ளேயே, வெறும் 0.1 மில்லி. சின்னதாக ஒரு கொப்புளம் எழும்பி, கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிட்டது. "ரெண்டு நாள் கழிச்சு, மூணு நாளைக்குள்ள வந்து காட்டுங்க தம்பி. சொறியாதீங்க" என்றார் நர்ஸ் அக்கா. முதல் நாள் ஒன்றுமே இல்லை. அப்பாடா என்று படுத்தேன். மறுநாள் சாயங்காலம் அந்த இடம் கெட்டியாகத் தடிக்க ஆரம்பித்தது. மூணாம் நாள் ஸ்கேல் வைத்து அளந்தபோது 16 மில்லிமீட்டர்.

அதுக்குப் பேர் மாண்டூ டெஸ்ட். எடுக்கவேண்டி வந்ததற்குக் காரணம் என் ரூம்மேட். ஒன்றரை மாசமாக இருமிக்கொண்டிருந்தான். ராத்திரி பனியன் நனையுற அளவுக்கு வியர்க்கும். இன்டர்னல்ஸ் டென்ஷன் என்று நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம். கடைசியில் சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்தது. அன்றைக்கு ராத்திரியே அவன் வாளி, மெத்தை எல்லாம் வராந்தாவுக்குப் போய்விட்டது. யார் எடுத்து வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவனுடைய அப்பா வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

16 என்று கேட்டதும் எனக்கும் டிபி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். இல்லை. அந்த வீக்கத்தில் ஒரு டிபி கிருமிகூடக் கிடையாது. அது முழுக்க முழுக்க என்னுடைய டி செல்கள் செய்த வேலை. கொசுக்கடிக்கு அஞ்சு நிமிஷம், இதுக்கு ஏன் ரெண்டு நாள் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், பாக்டீரியாவை டி செல்கள் எப்படி எதிர்கொள்கின்றன என்ற கதை முழுசாக வந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். டி செல்லுக்குப் பாக்டீரியா தெரியாது. நேருக்கு நேர் முட்டிக்கொண்டாலும், சாதாரண டி செல் ஒன்றும் செய்யாமல் நகர்ந்துவிடும். ஆன்டிபாடி அப்படி இல்லை, கிருமியின் மேல் நேராகப் போய் ஒட்டிக்கொள்ளும். டி செல்லுக்கு யாராவது அந்தக் கிருமியைப் பிடித்து, வெட்டி, அதன் புரதத்தில் பத்துப் பதினைந்து அமினோ அமில நீளமுள்ள ஒரு துண்டை, ஒரு தாங்கியில் வைத்து நீட்டிக் காட்ட வேண்டும். அந்தத் தாங்கிக்கு எம்எச்சி மூலக்கூறு என்று பெயர். மனிதர்களில் இதையே எச்எல்ஏ என்பார்கள். தாங்கியில் ரெண்டு வகை. இரண்டாம் வகையில் வைத்துக் காட்டினால் சிடி4 என்ற அடையாளம் உள்ள டி செல்கள் பார்க்கும், முதல் வகையில் காட்டினால் சிடி8 செல்கள் பார்க்கும். இப்போதைக்கு சிடி4 தான் நம்ம ஹீரோ.

சரி, டிபி கிருமி. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் பெர்லினில் இதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். ஒருவர் இருமும்போது காற்றில் மிதக்கும் துளிகளில் வந்து, நம் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை போய்விடும். அங்கே காவலுக்கு இருப்பது மேக்ரோஃபேஜ். எது வந்தாலும் விழுங்குகிற செல். விழுங்கியதை ஒரு பைக்குள் வைத்து, அந்தப் பையோடு அமிலமும் செரிமான நொதிகளும் உள்ள இன்னொரு பையை இணைத்துக் கரைத்துவிடும். பெரும்பாலான பாக்டீரியாவுக்கு இதோடு கதை முடிந்தது.

டிபி கிருமி அங்கேதான் கில்லாடித்தனம் காட்டுகிறது. அந்த ரெண்டு பைகளும் இணைவதைத் தடுத்துவிடுகிறது. ஆக, அதைக் கொல்ல வேண்டிய செல்லே அதற்கு ஹாஸ்டல் ரூம் ஆகிவிடுகிறது. வேகமாகவும் பெருகாது. ஈகோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். டிபி கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். சத்தம் போடாமல் உள்ளே உட்கார்ந்து ஒன்று ரெண்டாக, ரெண்டு நாலாக.

இந்தச் சேதி டி செல்லுக்குப் போக வேண்டும் இல்லையா? போகிற இடம் நிணநீர் முடிச்சு. கால்ல புண் வந்தா தொடை இடுக்குல நெறி கட்டுதுன்னு வீட்டில் சொல்வார்களே, அந்த நெறிதான். நுரையீரலுக்கும் அதேபோல் நெஞ்சுக்கு நடுவே முடிச்சுகள் உண்டு. கிருமியை விழுங்கிய டென்ட்ரிட்டிக் செல்கள் அங்கே பயணம் செய்து, துண்டுகளை எம்எச்சி தாங்கியில் வைத்துக் காட்டிக்கொண்டு நிற்கும். டி செல்கள் ரத்தத்திலிருந்து வரிசையாக உள்ளே வந்து, ஒவ்வொரு டென்ட்ரிட்டிக் செல்லாகத் தடவிப் பார்த்து, தனக்குப் பொருந்தவில்லை என்றால் வெளியேறி அடுத்த முடிச்சுக்குப் போகும்.

பொருந்துவது அரிது. ஏன் என்றால் ஒவ்வொரு டி செல்லின் ஏற்பியும் வேறு வேறு. தைமஸ் சுரப்பியில் அது உருவாகும்போதே மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப் போட்டு, கண்டமேனிக்கு ஒரு சேர்க்கை. எந்தக் கிருமி வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், கோடிக்கணக்கில் சாவி செய்து வைத்துக்கொள்வது மாதிரி. இதில் பயனில்லாதவையும், நம் உடம்பையே தாக்கக்கூடியவையும் தைமஸிலேயே சாகடிக்கப்படும். உள்ளே நுழைந்தவற்றில் பெரும்பாலானவை தேறாது. நம்ம அரியர் ரிசல்ட்டே பரவாயில்லை. தேறி வந்தவற்றில், ஒரு குறிப்பிட்ட துண்டுக்குப் பொருந்துவது லட்சத்தில் ஒன்றோ, பத்து லட்சத்தில் ஒன்றோதான்.

பொருந்திவிட்டால் மட்டும் போதாது. பேங்க் ஆப்பில் பாஸ்வேர்டு போட்ட பிறகு ஓடிபி கேட்கும் இல்லையா, அதே மாதிரி. ஏற்பி பொருந்துவது முதல் சிக்னல். டென்ட்ரிட்டிக் செல் தன் மேற்பரப்பில் பி7 என்ற புரதத்தையும் நீட்டியிருக்க வேண்டும், டி செல்லின் சிடி28 அதைப் பிடிக்க வேண்டும். இது ரெண்டாவது சிக்னல். உண்மையிலேயே ஆபத்து இருக்கிறது என்று டென்ட்ரிட்டிக் செல்லுக்கு ருசு கிடைத்தால்தான் பி7 போதுமான அளவு வெளியே வரும். முதல் சிக்னல் மட்டும் வந்து ரெண்டாவது வராவிட்டால் அந்த டி செல் மரத்துப்போய், பிறகு கூப்பிட்டாலும் எழாது. நம் உடம்பின் சொந்தப் புரதங்களை நாமே தாக்காமல் இருக்க இது ஒரு பாதுகாப்பு.

மூன்றாவதாக ஒரு சிக்னலும் உண்டு. அதுதான் என்ன மாதிரி வேலைக்குப் போக வேண்டும் என்று டி செல்லுக்குச் சொல்கிறது. டென்ட்ரிட்டிக் செல் இன்டர்லூகின்-12 சுரந்தால் சிடி4 செல் டிஎச்1 என்ற வகையாக மாறும். செல்லுக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவுக்கு இந்த வகைதான் வேண்டும். செல்லுக்கு வெளியே திரிகிற பாக்டீரியா என்றால் டிஎச்17 என்ற வகை உருவாகி, நியூட்ரோஃபில் படையைக் கூப்பிடும். இன்னொரு வகை பி செல்களுக்கு உதவி செய்து நல்ல ஆன்டிபாடி தயாரிக்க வைக்கும். ஒரே பாடத்திட்டம், கடைசியில் வேறு வேறு எலெக்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை உறுதியானதும் பெருக்கம். ஒரு நாளைக்கு மூணு முறை இரட்டிப்பானால் அஞ்சு நாளில் 2-இன் 15-ஆம் அடுக்கு, அதாவது ஒரு செல் 32,768 ஆகும். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது. ஆனால் டிபியில் இந்த முழு ஏற்பாடும் தாமதமாகத்தான் தொடங்குகிறது. கிருமி உள்ளே ஒளிந்துகொண்டு சேதி வெளியே போவதை இழுத்தடிக்கிறது. தொற்று நடந்து மாண்டூ டெஸ்ட் பாசிட்டிவ் ஆகவே மனிதர்களுக்கு 2 முதல் 8 வாரம் ஆகும். சாதாரண ஜலதோஷம் வந்து, போய், மறந்தே போகிற கால அளவு அது.

தாமதமாக வந்த டி செல்கள் நுரையீரலுக்குப் போய் என்ன செய்கின்றன? கிருமியைத் தொடக்கூட இல்லை. கிருமி ஒளிந்திருக்கும் மேக்ரோஃபேஜ் தன் எம்எச்சி தாங்கியில் ஒரு துண்டைக் காட்டுகிறது. அதை அடையாளம் கண்ட டிஎச்1 செல், இன்டர்ஃபெரான் காமா என்ற ஒரு புரதத்தை அதன் மேல் சுரக்கிறது. அதோடு மேக்ரோஃபேஜின் குணமே மாறிவிடும். தடுத்து வைக்கப்பட்ட பைகள் இணையும், அமிலம் ஏறும், கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் போகும். சுருக்கமாக, டி செல் அடியாள் இல்லை. ஏற்கெனவே உள்ளே பூட்டிக் கிடக்கிற அடியாளுக்குச் சாவி கொண்டுவந்து கொடுக்கிற ஆள்.

இந்த ஒரு புரதம் எவ்வளவு முக்கியம் என்று தெரிய வந்த விதம் சோகமானது. மால்ட்டா தீவில் ஒரே கிராமத்தைச் சேர்ந்த சில குழந்தைகளுக்கு, மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாகக் கிடக்கிற, மற்றவர்களை ஒன்றும் செய்யாத மைக்கோபாக்டீரியா கடுமையான நோயைக் கொடுத்தது. 1996-இல் காரணம் தெரிந்தது: இன்டர்ஃபெரான் காமாவைப் பெற்றுக்கொள்கிற ஏற்பியின் மரபணு பழுது. டி செல் கூப்பிடுகிறது, மேக்ரோஃபேஜுக்குக் காது கேட்கவில்லை. எச்ஐவி இதையே இன்னொரு முனையிலிருந்து காட்டியது. அந்த வைரஸ் அழிப்பது சிடி4 செல்களை. கூப்பிடுவதற்கே ஆள் இல்லாமல் போகிறது. எச்ஐவி உள்ளவர்களுக்கு டிபி வரும் ஆபத்து பல மடங்கு அதிகமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

சிடி8 செல்களை விட்டுவிட்டோம். அவை நேரடியாகக் கொல்லக்கூடியவை. கிருமி புகுந்த செல்லில் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் ஓட்டை போட்டு, கிரானுலைசின் என்ற இன்னொரு புரதத்தை உள்ளே அனுப்பும். கிரானுலைசின் பாக்டீரியாவின் சுவரையே கிழிக்கும். வேடிக்கை என்னவென்றால் எலிகளுக்கு கிரானுலைசின் மரபணுவே கிடையாது. நம் நோய் எதிர்ப்பு அறிவில் பெரும்பகுதி ஆய்வக எலிகளிடமிருந்து வந்தது. "எலியில் வேலை செய்தது" என்ற செய்தியைப் படிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

புரதத் துண்டே தேவைப்படாத சில விசித்திரமான டி செல்களும் நமக்கு உண்டு. மெயிட் செல்கள் என்று பெயர். பல பாக்டீரியா தங்களுக்குத் தேவையான பி2 வைட்டமினைத் தாங்களே தயாரிக்கும், நம்மால் முடியாது. அந்தத் தயாரிப்பின் நடுவே உண்டாகும் பொருள்களை இந்தச் செல்கள் மோப்பம் பிடிக்கின்றன. வைட்டமின் சமைக்கிற வாசனை வந்தால் உள்ளே பாக்டீரியா இருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு படையும் வந்தால் கிருமி ஒழிந்துவிட வேண்டுமே? எல்லா நேரமும் இல்லை. பல பேருக்குக் கடைசியில் நடப்பது ஒரு சமரசம். கிருமி உள்ள மேக்ரோஃபேஜ்களைச் சுற்றி இன்னும் மேக்ரோஃபேஜ்கள், அவற்றைச் சுற்றி டி செல்கள் என்று ஒரு உருண்டை கட்டப்படுகிறது. கிரானுலோமா. அதைக் கட்டிக் காப்பதில் டிஎன்எஃப் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு. மூட்டுவாத நோய்க்காக டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது, பல வருஷம் தூங்கிக் கிடந்த டிபி சிலருக்கு விழித்துக்கொண்டது. 2001-இல் இது வெளியே வந்ததிலிருந்து, அந்த மருந்து தொடங்கும் முன் டிபி தொற்று இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இந்த உருண்டைக்குள் கிருமி அடங்கிக் கிடக்கும் நிலையில் இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, யாருக்கும் பரவாது. உலக மக்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு டிபி தொற்று ஏற்பட்டிருக்கும் என்பது மதிப்பீடு. அவர்களில் வாழ்நாளில் நோயாக மாறுவது 5 முதல் 10 சதவீதம் பேருக்கு. மீதிப் பேருக்கு அவர்களுடைய டி செல்கள் பார்த்துக்கொள்கின்றன.

படித்ததிலேயே என்னைத் தூங்கவிடாமல் செய்தது அடுத்த விஷயம்தான். டிபி முற்றும்போது நுரையீரலில் ஓட்டை விழுகிறதே, அதைக் கிருமி நேராகக் குடைவதில்லை. நம்முடைய எதிர்ப்பு வினை கட்டுக்கடங்காமல் போய், நம் திசுவையே கரைக்கிறது. சிடி4 செல்கள் மிகக் குறைந்துபோன எச்ஐவி நோயாளிகளுக்கு இந்த ஓட்டைகள் குறைவாகவே விழுகின்றன. அந்த ஓட்டை வழியாகத்தான் கிருமி மூச்சுக்குழாய்க்கு வந்து, இருமலோடு அடுத்த ஆளுக்குப் போகிறது. அதாவது, பரவுவதற்கு நம் டி செல்களின் கோபமே அதற்கு உதவுகிறது. 2010-இல் பல நாட்டு டிபி கிருமிகளின் மரபணுத் தொகுப்பை ஒப்பிட்டவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பொதுவாகக் கிருமிகள், நம் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் பகுதிகளை மாற்றிக்கொண்டே இருக்கும். டிபி கிருமியோ டி செல்கள் அடையாளம் காணும் துண்டுகளை மாற்றாமல் பத்திரமாக வைத்திருக்கிறது. கண்டுபிடிக்கப்படுவதில் அதற்கு நஷ்டமில்லை, லாபம்தான் போல என்று அவர்கள் ஊகித்தார்கள்.

இப்போது என் கைக்கு வருவோம். ஊசியில் இருந்தது கிருமியின் புரதங்கள் மட்டும். 1890-இல் காக் இதன் பழைய வடிவமான டியூபர்குலினை டிபிக்கு மருந்து என்று அறிவித்துப் பெரிய அவமானப்பட்டார். மருந்தாகத் தோற்ற பொருள், சோதனையாகப் பிழைத்துக்கொண்டது. கொசுக்கடியில் தயாராக இருக்கும் ஆன்டிபாடியும் ஹிஸ்டமினும் உடனே வேலை செய்யும். இங்கே அப்படி இல்லை. தோலில் உள்ள செல்கள் புரதத்தை விழுங்கி, வெட்டி, தாங்கியில் ஏற்ற வேண்டும். என் ரத்தத்தில் சுற்றும் சில நினைவு டி செல்களில் ஒன்று அந்தப் பக்கம் வர வேண்டும், அடையாளம் காண வேண்டும், இன்டர்ஃபெரான் காமா சுரந்து மற்றவர்களைக் கூப்பிட வேண்டும். செல்கள் கூட்டம் கூட்டமாக வந்து அடைந்த பிறகுதான் அந்த இடம் கெட்டியாகும். அதனால்தான் 48 முதல் 72 மணி நேரம். சிவப்பை அளப்பதில்லை, கெட்டியை விரலால் தடவிப் பார்த்து அளப்பதும் அதனால்தான். 10 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நம் ஊரில் பொதுவாகப் பாசிட்டிவ்.

பாசிட்டிவ் என்றால் "என் டி செல்கள் இதை முன்பு பார்த்திருக்கின்றன" என்று அர்த்தம். நோய் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எனக்கு எக்ஸ்-ரே தெளிவாக இருந்தது, இருமல் இல்லை. டாக்டர் தடுப்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

பிறந்தவுடன் போட்ட பிசிஜி தடுப்பூசியும் மாண்டூவைக் குழப்பலாம். கால்மெட், கெரான் என்ற ரெண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டு டிபி கிருமியைப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கில் 13 வருஷம், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கியது அது. அந்தப் பயணத்தில் கிருமி தொலைத்த மரபணுத் துண்டில் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற ரெண்டு புரதங்கள் இருந்தன. இப்போதைய ரத்தப் பரிசோதனை இதைத்தான் பயன்படுத்துகிறது: அந்த ரெண்டு புரதங்களோடு உங்கள் ரத்தத்தைக் கலந்து வைத்து, டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா சுரக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிசிஜி போட்டதால் மட்டும் இதில் பாசிட்டிவ் வராது.

பிசிஜி போட்டும் ஏன் டிபி வருகிறது என்று கேட்பீர்கள். பதில் நம்ம செங்கல்பட்டில் இருக்கிறது. 1968-இல் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைச் சேர்த்து அங்கே நடந்த சோதனை, உலகத்தின் மிகப் பெரிய பிசிஜி சோதனை. 15 வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை என்றே தெரிந்தது. நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள சாதுவான மைக்கோபாக்டீரியா ஏற்கெனவே நம் டி செல்களைப் பழக்கிவிடுவதால், தடுப்பூசி புதிதாகச் சேர்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது ஒரு விளக்கம். குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகை டிபியிலிருந்து காப்பதால் பிசிஜியைத் தொடர்ந்து போடுகிறார்கள்.

மெத்தை வராந்தாவுக்குப் போனது பற்றி. மதராஸ் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய மையம் ஒன்று, இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், ஒரு சோதனை செய்தது. பாதி நோயாளிகளை சானடோரியத்தில் சேர்த்தார்கள். பாதிப் பேரை, நெருக்கடியான வீடுகளிலேயே வைத்து மாத்திரை கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது: குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூடவே இருந்த குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து வரவில்லை. சரியான மருந்து தொடங்கிவிட்டால் பரவுவது வேகமாகக் குறைந்துவிடும். பரப்புகிற காலம், பெரும்பாலும் யாருக்கும் தெரியாமல் இருமிக்கொண்டிருக்கும் காலம்தான். அதாவது அவனோடு ஒரே ரூமில் நாங்கள் டென்ஷன் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒன்றரை மாசம். வாளியைத் தூக்கி வெளியே வைத்தபோது ஆபத்து முடிகிற கட்டத்துக்கு வந்திருந்தது.

போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "மச்சி, உன் டி செல்லும் என் டி செல்லும் ஒரே ரூம்லதானே இருந்துச்சு. எனக்கு மட்டும் ஏன்டா?" என்றான்.

முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒரு பகுதிப் பதில் இருக்கிறது. உடம்பில் சத்துக் குறைந்தால் டி செல்கள்தான் முதலில் அடிவாங்கும். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், டிபி நோயாளிகளின் வீட்டாருக்கு மாசா மாசம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தபோது, அவர்களுக்கு டிபி வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. மருந்து இல்லை, அரிசி பருப்பு. அவன் ரெண்டாவது செமஸ்டரிலிருந்து மெஸ் பில் குறைக்க ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருந்தான். டீயும் பன்னும்தான். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

இப்போது மூணாவது மாசம் மாத்திரை ஓடுகிறது. எடை நாலு கிலோ ஏறியிருக்கிறதாம். அடுத்த மாசம் வருகிறான். மெத்தையை வெயிலில் காயவைத்து, ஜன்னலோரக் கட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். என் கையில் அந்த இடம் இன்னும் லேசாகக் கறுத்திருக்கிறது. உங்களில் யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். காலையில் முதல் பீரியட் கட் அடித்தால் போதும்.